கண்டக்டர் சொன்ன முதல் விலை

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிற சந்தையில் ஒரு குருவும் ஒரு சிஷ்யரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்தாறு வயது. சிஷ்யருக்கு அறுபது தாண்டிவிட்டது.

குருவின் பெயர் ஜரீனா. பழைய வீடியோ கேம் விற்பது தொழில். வெயிலுக்கு ஒரு தார்ப்பாய், அதன் கீழே ஒரு மேசை, மேசைமேல் முதுகு புடைத்த பழைய டிவி, அதோடு மாட்டிய கேசட் செருகுகிற கேம் பெட்டி, இரண்டுக்கும் உயிர் கொடுக்க ஒரு பேட்டரி. சுற்றிலும் மஞ்சள் கேசட், கறுப்பு கேசட், ஒயர் பிய்ந்த ரிமோட், டிவியைப் பார்த்துச் சுடுகிற பிளாஸ்டிக் துப்பாக்கி.

சிஷ்யர் தணிகாசலம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சின்ன வயதில் விளையாடிய கேசட்டுகளைப் பையில் போட்டு விற்க வந்தவர், "எவ்ளோ வேணும்?" என்று ஜரீனா கேட்டதும் பேச்சு வராமல் நின்றார். ஆயுசில் அவர் விலை சொன்னதே கிடையாது. அச்சடித்து வந்த விலையைக் கிழித்துக் கொடுத்ததோடு சரி.

ஜரீனா ஒவ்வொரு கேசட்டையும் டிவியில் போட்டுப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொன்னார். ஒன்றுக்கு நாற்பது. அதே போல இருந்த இன்னொன்றுக்கு முந்நூறு.

"ஏம்மா, ரெண்டும் மஞ்சளாத்தானே இருக்கு?"

"அடுத்த வாரம் வாங்க. பக்கத்துல உக்காந்து பாருங்க."

வந்தார். உட்கார்ந்தார். அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் அவர் வீட்டில் இருந்ததில்லை. வீட்டில் மனைவி சொர்ணத்துக்கும் அது ஒரு நிம்மதிதான்.

தணிகாசலம் ஜரீனாவை "வாத்தியாரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கேலிக்குத்தான். பிறகு கேலி கழன்றுபோய் கூப்பிடுவது மட்டும் நிலைத்துவிட்டது. ஜரீனா அவரை "கண்டக்டரே" என்பார்.

வேலை சீக்கிரம் பிடிபட்டது. படம் வராத கேசட்டின் அடியில் இருக்கிற செம்புப் பல்லை அழி ரப்பரால் தேய்த்தால் படம் வரும். திருகைக் கழற்றி உள்ளே பார்த்தால் அசலா நகலா தெரியும். கேசட்டோடு பழைய டப்பாவும் இருந்தால் விலை ஏறும். டப்பாவுக்குள் அந்தக் காலத்துக் காகிதமும் இருந்துவிட்டால் இன்னும் ஏறும்.

"பஸ்ஸைவிட டிக்கெட்டுக்கு விலை ஜாஸ்தியா இருக்கே!" என்றார் தணிகாசலம்.

விலை சொல்வது மட்டும் வரவில்லை.

ஒரு நாள் காலையில் ஒருத்தர் மனைவியோடு வந்து கறுப்பு கேசட் ஒன்றை எடுத்தார். ஜரீனா நூற்றைம்பது வாங்கினார். சாயங்காலம் இன்னொருத்தர் அதே மாதிரி கேசட்டை எடுத்தார். அவரிடம் ஜரீனா கூசாமல் நானூறு வாங்கினார்.

தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை. ஆள் நகர்ந்ததும் பொங்கிவிட்டார்.

"வாத்தியாரம்மா, இது நாயமா? ஒரே ஸ்டாப்புல ஏறுன ரெண்டு பேருக்கு ரெண்டு டிக்கெட்டா?"

"ஏறுன ஸ்டாப்பு ஒண்ணுதான்."

"அதான் கேக்குறேன்."

"காலையில வந்தவரு வூட்டுக்குப் போய் பொண்டாட்டியோட சண்டை போட்டு விளையாடுவாரு. இவரு கண்ணாடி அலமாரியில வெச்சு விளக்கு போடுவாரு. எறங்குற ஸ்டாப்பு வேற, கண்டக்டரே."

தணிகாசலம் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மனசுக்குள் கேள்வி மூடவில்லை. 'அப்போ சரியான விலை என்று ஒன்று உண்டா, இல்லையா?' இதை எப்படிக் கேட்டாலும் ஜரீனா, "டீ சொல்லுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மதியம் தொழுகைக்கு ஜரீனா வீட்டுக்குப் போயிருந்தார். கடையில் சிஷ்யர் மட்டும். கட்டைப்பையோடு ஒரு அம்மா வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். பைக்குள்ளிருந்து கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கேசட். மேலே ஒரு நரிப் படம், பக்கத்தில் நண்டு ஊர்ந்தது மாதிரி எழுத்து.

"இது எடுத்துப்பீங்களா?"

"ஓடுமாம்மா?"

அந்த அம்மா தார்ப்பாயில் இருந்த ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓடும்" என்றார்.

ஜரீனாவின் கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. டிவியில் போட்டுப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. வாங்கும்போதும் சரி, விற்கும்போதும் சரி. ஆனால் கண்டக்டருக்கு எதிரே ஆள் காத்திருந்தால் கை தன்னால் வேகம் பிடித்துவிடும். நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருந்த நோட்டில் இரண்டை உருவினார்.

"இருநூறு."

டிக்கெட் விலை சொல்கிற அதே குரல். அந்த அம்மா பேரம் பேசவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

அப்புறம்தான் கேசட்டை டிவியில் போட்டார். படம் வரவில்லை. ரப்பரால் தேய்த்தார். வரவில்லை. திருகைக் கழற்றி, துடைத்து, ஊதி, மறுபடி தேய்த்துப் போட்டார். திரையில் நரி குதித்து வந்து வாலை ஆட்டியது.

பக்கத்தில் செல்போன் உறை விற்கிற டேவிட்ராஜ் சும்மா இருக்காமல் அதைப் போட்டோ பிடித்துப் போனில் தேடினான். தேடியவன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான்.

"அண்ணாத்தே, உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன்."

"கெட்டியா உக்காரு. இது வெளிநாட்டுல முப்பதாயிரம் போவுது."

தணிகாசலம் சிரித்தார். டேவிட்ராஜ் போனைத் திருப்பிக் காட்டினான். சிரிப்பு பாதியில் நின்றது.

டேவிட்ராஜுக்கு ஆள் பழக்கம் அதிகம். அன்றைக்கே நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு ஆளைப் பிடித்துவிட்டான். ஸ்ரீவத்ஸன் என்று பெயர். பழைய கேம் சேர்க்கிறவர். அடுத்த வெள்ளிக்கிழமை பணத்தோடு வருகிறேன், இருபதாயிரம் வரை தருவேன் என்று போனில் சொன்னார்.

ஜரீனா திரும்பி வந்ததும் தணிகாசலம் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"எவ்ளோக்கு வாங்குனீங்க?"

"இருநூறு."

"போட்டுப் பாத்தீங்களா?"

"வாங்குன அப்புறம்."

குரு துணியால் டிவியைத் துடைத்தார்.

"வாத்தியாரம்மா, நான் எவ்ளோ விலை சொல்லட்டும்?"

"வாங்குனது நீங்க. நீங்களே சொல்லுங்க."

"சரியா வருமா?"

"டீ சொல்லுங்க" என்றார் ஜரீனா.

அந்த வாரம் முழுக்க தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. சட்டினி என்று நினைத்து இட்லிமேல் காபியை ஊற்றிக்கொண்டார். சொர்ணம் கரண்டியோடு வந்து நின்றார்.

"செக்கிங் ஏறுனப்பகூட நீங்க இப்படி முழிச்சதில்ல. இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமலா? அவர் பை ஒருநாளும் ஒரு ரூபாய் வித்தியாசம் காட்டியதில்லை. டிப்போவில் அவர் பெயரைச் சொன்னால் கணக்குப் பார்க்காமல் பையை வாங்கி வைப்பார்கள். இப்போது ஒரு ஏழை அம்மாவின் இருபதாயிரத்தை இருநூறுக்குப் பிடுங்கியிருக்கிறார். அந்த அம்மா நாளைக்கு விஷயம் தெரிந்து வந்து, சந்தை நடுவில் நின்று, 'இந்த ஆளுதான் ஏமாத்திட்டான்' என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அத்தனை வருஷமும் அதிலேயே போய்விடும். தேடிப்போய்ச் சொல்லலாம் என்றால் பேர் தெரியாது, தெரு தெரியாது. சொல்லவே வேண்டாம் என்றும் ஒரு குரல் அவருக்குள் கேட்டது. அந்தக் குரல்தான் அவரை ரொம்பப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. டேவிட்ராஜ் உற்சாகமாக இருந்தான்.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சி தொங்குது? அந்தம்மா வித்துச்சு, நீ வாங்குன. கதை முடிஞ்சுச்சு. சந்தைன்னா அப்படித்தான்."

"ஆமா, ஆமா" என்றார் தணிகாசலம். கேசட்டை மட்டும் மேசைமேல் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

வெயில் ஏறி, கூட்டம் நெருக்கியது. ஸ்ரீவத்ஸன் இன்னும் வரவில்லை. தணிகாசலம் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று விறைத்தார். நாலு கடை தள்ளி, அதே கட்டைப்பை. அதே அம்மா. ஒவ்வொரு கடையாக நின்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

"போன வாரம் எங்கிட்ட கேசட் வாங்குனாரே, கண்டக்டர் மாதிரி நோட்டு மடிச்சு வெச்சிருப்பாரே, அவரு எந்தக் கடை?"

பழைய கடிகாரம் விற்கிறவர் கையை நீட்டி இந்தப் பக்கம் காட்டினார்.

அவ்வளவுதான். அறுபது வயதுக்கு மேல் மனிதர் அப்படிக் குனிவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கேசட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார். மேசையைச் சுற்றித் தொங்கிய துணி மறைத்துக்கொண்டது. உள்ளே பேட்டரிச் சூடு. முட்டி நெஞ்சில் இடித்தது.

ஜரீனா பார்த்தார். பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த அம்மா வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, இங்க ஒரு பெரியவரு..."

"வருவாரு. உக்காருங்க. பேரு இன்னாக்கா?"

"பூங்காவனம். நாகல்கேணியிலேர்ந்து வர்றேன்."

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. துணிக்கு அந்தப் பக்கம், தணிகாசலத்தின் மூக்குக்கு நேரே, ஊக்கு குத்திய ஒரு செருப்பு வந்து நின்றது.

"இன்னா விஷயம்க்கா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல தங்கச்சி." குரல் தழைந்தது. "எங்க வூட்டுக்காரரு கப்பல்ல சமையல் வேலை பாத்தாரு. ஜப்பான்லேர்ந்து கொண்டாந்தது அந்த டப்பா. ரொம்ப வருஷமா அது ஓடல. ஓடலன்னு எனக்குத் தெரியும். அவரு ஓடுமான்னு கேட்டாரு. நான் ஓடும்னுட்டேன்."

ஜரீனா கையிலிருந்த கேசட்டை மேசைமேல் வைத்தார்.

"பாவம், அந்த மனுசன் போட்டுக்கூட பாக்கல. நம்பி இருநூறு குடுத்துட்டாரு. நான் ஓட்டமா ஓடிட்டேன். ஒரு வாரமா தூக்கமே இல்ல. வயசான மனுசன், அவரு காசு வாங்கி நான் மீன் கொழம்பு வெச்சுட்டேனே! எங்க வூட்டுக்காரரு சொல்றாரு, நீ இப்படி நெளியறதுக்கு போய் குடுத்துட்டே வந்துடுன்னு. இந்தா, இருநூறு. அவருகிட்ட குடுத்துட்டு, ஏசாதீங்கன்னு சொல்லிடு."

மேசைக்கு அடியில் தணிகாசலம் கேசட்டை மெல்ல மடிக்கு இறக்கினார்.

துணி ஓரமாக விலகியது. ஒரு கை உள்ளே வந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஜரீனாவின் கை. விரல்களுக்கு நடுவே இரண்டு நூறு ரூபாய் நோட்டு. அந்தக் கை ஆடவில்லை, அசையவில்லை. அவர் முகத்துக்கு நேரே அப்படியே நின்றது.

தணிகாசலம் நோட்டைப் பார்த்தார். மடியில் இருந்த கேசட்டைப் பார்த்தார். டிக்கெட் மாதிரி ரெண்டு விரலால் நோட்டை உருவிக்கொண்டார். கை வெளியே போய்விட்டது.

பிறகு மேசை ஆடியது. டிவி ஆடியது. துணியை விலக்கிக்கொண்டு தலையில் ஒட்டடையோடு தணிகாசலம் எழுந்து நின்றார். பூங்காவனம் "ஐயோ சாமி!" என்று ஸ்டூலோடு பின்னால் போனார்.

"அம்மா" என்றார் தணிகாசலம். "நீங்க மீதி வாங்காம எறங்கிட்டீங்க."

"இன்னாது?"

"மீதிப் பணம். வாங்காம எறங்கிட்டீங்க. இந்த கேசட்டு ஓடுதும்மா."

கேசட்டைப் பெட்டியில் செருகினார். நரி குதித்து வந்து வாலை ஆட்டியது. பூங்காவனம் வாயில் கையை வைத்துப் பார்த்தார். மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது.

"ஓடுதா! அப்பாடா! நான் பொய் சொல்லல, தங்கச்சி! நான் பொய் சொல்லல!"

ஜரீனாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டைப்பையை எடுத்து, கிளம்பவே தயாராகிவிட்டார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இன்னும் இருக்கும்மா" என்றார் தணிகாசலம். "இதோட விலை..."

இந்த நேரம் பார்த்து ஸ்ரீவத்ஸன் முதுகுப் பையோடு வந்து சேர்ந்தார். "அங்கிள், நீங்கதானே? சொல்லுங்க, என்ன ஃபைனல்?"

தணிகாசலம் குருவைப் பார்த்தார். குரு அவரைப் பார்க்கவில்லை. பூங்காவனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே, "விலை கேக்குறாரே கண்டக்டரே, சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி" என்றார்.

தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"தம்பி, வூட்ல போட்டு விளையாடுவீங்களா? கண்ணாடியில வெப்பீங்களா?"

"கண்ணாடியிலதான் சார். லைட் போட்டிருக்கேன்."

"அப்ப இருபதாயிரம். கொறையாது."

பூங்காவனம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டேவிட்ராஜ் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான்.

"இருபதாயிரமா? அந்த டப்பாவுக்கா? அரிசி டின்னு ஆடாம இருக்க அதத்தானே முட்டுக் குடுத்து வெச்சிருந்தேன்!"

"அதுல பதினஞ்சு உங்களுது" என்றார் தணிகாசலம்.

"எனக்கு எதுக்குங்க? ஓடாத சாமான் குடுத்தேன். ஓட வெச்சது நீங்க. ஒரு ரெண்டாயிரம் குடுங்க, போதும்."

"ரெண்டா? என்னம்மா இது, அடிமாட்டு விலை கேக்குறீங்க? பதினாலு."

"மூணு. அதுக்கு மேல கட்டாது."

"பதிமூணரை. பொருளைப் பாருங்கம்மா, பொருளை! எங்க தேடுனாலும் கெடைக்காது."

"வேணாங்க. நான் வேற கடை பாத்துக்குறேன்!"

கடிகாரக்காரர் கடையை விட்டு வந்துவிட்டார். நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்று ஒருத்தருக்கும் புரியவில்லை. ஸ்ரீவத்ஸன் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"சார், நான் வாங்கலாமா, வேணாமா?"

"இருங்க தம்பி, பேசிட்டிருக்கோம்ல!" என்று இரண்டு பேரும் சேர்ந்து அதட்டினார்கள்.

பூங்காவனம் எட்டுக்கு ஏறினார். தணிகாசலம் பன்னிரண்டரைக்கு இறங்கினார். அதட்டல், கெஞ்சல், கிளம்பிப்போகிற மாதிரி நடிப்பு, திரும்பக் கூப்பிடுதல். ஒன்றையும் விடவில்லை. கண்டக்டருக்கு இவ்வளவு பேரம் வருமென்று அவருக்கே தெரியாது.

கடைசியில் பூங்காவனம் கையை ஓங்கினார். "பன்னெண்டு! அதுக்கு மேல ஒரு பைசா குடுத்தீங்க, எழுந்து போய்க்கினே இருப்பேன்!"

"சரி, எடுத்துக்கோங்க" என்றார் தணிகாசலம், நஷ்டப்பட்டவர் மாதிரி பெருமூச்சு விட்டு.

நரி நுங்கம்பாக்கத்துக்குப் போனது. பூங்காவனம் பணத்தை முடிந்து இடுப்பில் செருகி, அந்த இருநூறையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வெயில் இறங்கிவிட்டது. ஜரீனா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தணிகாசலம் அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாகப் பன்னை டீயில் தொட்டுச் சாப்பிட்டார். ஒன்று போதாமல் இன்னொன்றும் கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் பழைய கேள்வி மறுபடி எழுந்தது.

"வாத்தியாரம்மா. போன்ல பாத்தா முப்பதாயிரம்னு இருக்கு. வாங்குனப்ப இருநூறு. வித்தப்ப இருபதாயிரம். என் கைக்கு வந்தது எட்டு. இதுல எதுதான் சரியான விலை?"

"அடுத்த வாரம் அந்தக்கா இந்தப் பக்கம் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"வந்தா இன்னா? வாங்கம்மான்னு ஸ்டூலைப் போட்டு டீ சொல்லுவேன்."

"மேசைக்கு அடியிலேர்ந்தா, மேலேர்ந்தா?"

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் ஒரு கட்டத்தில் நிறுத்தினார்.

ஜரீனா டிவியைத் துணியால் மூடினார்.

"அப்புறம் வேற இன்னா விலை கேக்குறீங்க, கண்டக்டரே? மூட்டையைத் தூக்குங்க."